நடை சாத்தும் முன்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கலங்கரை விளக்கத்தில் திங்கட்கிழமை ஏற முடியாது. சட்டமன்றம் கூடும் நாட்களில் கோட்டை வாசலில் கெடுபிடி அதிகமாக இருக்கும். சென்னையை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் வேலைக்கு வருகிற எவருக்கும் நான் முதலில் இந்தப் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வேன். ஆளுநர்களின் பெயர்களும் ஆண்டுகளும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

ஒரு நாள் விருந்தினர்களில் பல வகை உண்டு. மாநாட்டுக்கு வந்து ஒரு பகலை மிச்சம் வைத்திருப்பவர்கள், இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள், தென்மாவட்டப் பள்ளியிலிருந்து குழந்தைகளை ரயிலில் அழைத்து வந்து அன்றிரவே திரும்பும் ஆசிரியர்கள். இவர்களில் கடிகாரத்துக்கு அதிகம் கட்டுப்பட்டவர்கள் உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள். காலையில் கப்பல் அணைந்து, குடியேற்றச் சோதனை முடிந்து, பயணிகள் பேருந்தில் ஏற 8 மணிக்கு மேல் ஆகிவிடும். மாலை 5 மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது. நடுவில் கிடைக்கும் எட்டரை மணி நேரத்தில் சாப்பாடு, கழிப்பறை, போக்குவரத்து நெரிசல், வெயில் எல்லாவற்றுக்கும் பங்கு கொடுத்தது போக, ஊரைக் காட்ட ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அது நல்ல நாள்.

அந்த ஐந்து மணி நேரத்துக்குப் பயண நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் நிரலில் சில சமயம் பன்னிரண்டு இடங்கள் இருக்கும். பேருந்து ஜன்னலிலிருந்து கையை நீட்டி, "இது பல்கலைக்கழகம், இது மாநிலக் கல்லூரி" என்று சொல்லிக்கொண்டே போகலாம். மாலையில் கப்பல் படியில் ஏறும்போது விருந்தினர் மனதில் கோபுரமும் தேவாலயமும் செங்கல் கட்டடமும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். அடுத்த நாள் கப்பல் இன்னொரு துறைமுகத்தில் நிற்கும்போது அந்தக் குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பம் ஏறும்.

பயிற்சிக் காலத்தில் மூத்த வழிகாட்டிகளோடு சுற்றியபோது ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. நல்ல வழிகாட்டிகளிடம் இடங்களின் பட்டியலுக்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது. நாள் முழுக்க அந்தக் கேள்வியையே வெவ்வேறு இடங்களில் நின்று கேட்டார்கள். நான் எனக்கென்று எடுத்துக்கொண்ட கேள்வி இது: கப்பல் அணைய ஒரு குடாவோ, பெரிய ஆற்று முகமோ இல்லாத இந்தத் திறந்த மணல் கரையில் இவ்வளவு பெரிய ஊர் எப்படி உண்டானது? கப்பலில் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. அவர்கள் கால் வைத்திருக்கும் துறைமுகமே அந்தக் கேள்வியின் பதில்களில் ஒன்று.

முதல் நாள் இரவே வேலை தொடங்கிவிடும். டிரைவரிடம் பேசாமல் நான் தூங்கியதில்லை. "அண்ணே, லஸ் பக்கம் மெட்ரோ வேலை எப்படி இருக்கு?" என்றால், "அந்தப் பக்கமே வேணாம் மேடம். சாந்தோம் வழியாப் போயி கச்சேரி ரோட்டுல இறக்கிடறேன். நீங்க நடந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார். எந்தச் சாலையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும், எங்கே பெரிய வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தினால் போலீஸ்காரர் பொறுத்துக்கொள்வார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நான் நேரத்தைப் பிரிப்பேன்.

வண்டியில் ஏற்றிக்கொள்ளும் பொருட்களுக்கும் ஒரு வரிசை உண்டு. தண்ணீர், உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள், தோளையும் முழங்காலையும் மூடிக்கொள்ளத் துப்பட்டாவும் வேட்டியும், வெறுங்காலில் நடந்து பழக்கமில்லாதவர்களுக்குப் பருத்திக் காலுறைகள். பத்து மணிக்கு மேல் கோயில் கல்தளம் எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் தமிழில் எழுதிய ஒரு சீட்டும் கொடுப்பேன். "இவர் கப்பல் பயணி. வழி தவறினால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது சென்னைத் துறைமுகத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டு பையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே பலர் பூக்கடைப் பக்கம் நிதானமாக நின்று பார்ப்பார்கள்.

பேச வேண்டியதை வண்டியிலேயே பேசிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட வழக்கம். இறங்கிய இடத்தில் வெயிலும் ஹாரன் சத்தமும் இருக்கும், அங்கே பத்து நிமிடச் சொற்பொழிவை யாராலும் கேட்க முடியாது. ஆகவே துறைமுகத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போதே ஒலிவாங்கியை எடுத்துக்கொள்வேன். மெரினாவைப் பார்த்ததும் "நிறுத்துங்கள், இறங்க வேண்டும்" என்பார்கள். திரும்பி வரும்போது இறங்கலாம் என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே கதையைத் தொடங்குவேன்.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் ஒரு துண்டு நிலத்துக்கு உள்ளூர் நாயக்கரிடமிருந்து உரிமை பெற்றார். கப்பல்களுக்கு இங்கே ஒதுங்க இடமில்லை. ஆனால் இந்தப் பகுதியில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. துணிதான் அவரை இங்கே நிறுத்தியது. பிறகு வந்த ஆளுநர்கள் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். சிந்தாதிரிப்பேட்டை 1730-களில் அப்படி உண்டான நெசவாளர் ஊர். துணி வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. நெய்த துணி கடல் தாண்டிப் போக வேண்டும், கப்பலோ ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவில் அலை மடிந்து உடையும் கரை. அந்த இடைவெளியைக் கடக்க மசூலாப் படகுகள் இருந்தன. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது மரம் விட்டுக்கொடுக்கும், உடையாது. ஆளுநரும் பாதிரியாரும் துணிப்பொதியும் குதிரையும் அந்தப் படகுகளில்தான் கரை சேர்ந்தார்கள், நம் மீனவர்களின் துடுப்பை நம்பி. "இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் இன்று காலை நீங்கள் நனைந்துபோய்க் கரையேறியிருப்பீர்கள்" என்று சொல்லும்போது வண்டியில் பேச்சு அடங்கி எல்லாரும் கடல் பக்கம் திரும்புவார்கள். அந்தக் கணத்திலிருந்து அவர்களும் அந்தக் கதைக்குள் வந்துவிடுகிறார்கள்.

கோயில் காலையில் முதலில் வருவதற்குக் காரணம் நடை சாத்தும் நேரம். ஆனால் அந்த நெருக்கடியே கதைக்கு வசதியாக அமைகிறது. சம்பந்தர் பாடிய மயிலைக் கோயில் கடற்கரையில் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தது, பிறகு உள்ளே தள்ளி இப்போதைய இடத்தில் எழுப்பப்பட்டது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கம் கிடைத்திருக்கின்றன. ஆக, மயிலாப்பூரிலும் அதே கடல் கதைதான். ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு கடற்கரைப் பட்டினம் இருந்தது என்பதை விருந்தினர்கள் முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் சென்னை 1639-இல் திடீரென்று முளைத்த ஊர் என்ற எண்ணத்தோடு போய்விடுவார்கள்.

கிழக்குக் கோபுரத்தில் பொம்மைகளை எண்ண விடமாட்டேன். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு, உள்ளே பிராகாரத்துக்கு அழைத்துப் போவேன். இந்துக்கள் அல்லாதவர்கள் சன்னிதிக்குள் போக முடியாது. அதை வாசலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. உள்ளே போன பிறகு தடுத்தால் மனம் சுணங்கும். வெளிப் பிராகாரத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. புன்னை மரத்தடியில் மயில் வடிவில் அம்பிகை சிவனைப் பூசித்த சன்னிதி, வரிசையாக நிற்கும் அறுபத்துமூவர் திருமேனிகள், திருவிழாவுக்காகக் காத்திருக்கும் வாகனங்கள். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று இந்த மாட வீதிகளில் கூட்டம் எப்படி நெரியும் என்று சொல்லி, வாகனத்தின் தண்டுகளைத் தொட்டுக் காட்டுவேன். "சாமி வெளியே வருவார். கோயிலுக்கு வர முடியாதவர்களையும் பார்க்க அவரே தெருவுக்கு வருவார்" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மத்தியானம் அது தேவைப்படும்.

பிறகு அரை மணி நேரம் மாட வீதியில் விட்டுவிடுவேன். முழம் போட்டு விற்கும் மல்லிகை, பித்தளை விளக்கு, குங்குமம், பருத்தித் துண்டு, எவர்சில்வர் டம்ளர் என்று அவரவர் விருப்பப்படி வாங்கட்டும். எங்கள் தொழிலில் கமிஷன் என்று ஒன்று உண்டு. குளிர்பதன வசதியுள்ள பெரிய கைவினைப் பொருள் கடைகளுக்குக் கூட்டத்தை அழைத்துப் போனால் விற்பனையில் ஒரு பங்கு வழிகாட்டிக்கும் வண்டிக்கும் வரும். அதற்காக நிரலில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம் என்பது விருந்தினரின் நாளில் ஐந்தில் ஒரு பங்கு. அதைக் காஷ்மீர்க் கம்பளத்துக்கும் ராஜஸ்தான் பொம்மைக்கும் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. மாட வீதியில் செலவாகும் பணம் அந்தத் தெருவுக்கே போகிறது. பேரம் பேசி வாங்கிய ஒரு சின்ன குத்துவிளக்கின் மேல் அவர்களுக்கு இருக்கும் பிரியத்தைப் பார்த்தாலே போதும்.

அங்கிருந்து சாந்தோம் தேவாலயம் நடக்கிற தூரம்தான். வயதானவர்கள் இருந்தால் வண்டி. போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே தேவாலயம் கட்டினார்கள். இப்போது நிற்கும் வெள்ளைக் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தில் 1890-களில் எழுந்தது. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை இது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கீழே இறங்கி அந்தச் சிற்றாலயத்தில் உட்கார்ந்தால், மண்டியிட்டு வேண்டிக்கொள்பவர்களில் பூவும் பொட்டும் வைத்த பெண்களும் இருப்பார்கள். அதற்கு விளக்கம் எதுவும் சொல்லாமல் சும்மா இருப்பது நல்லது. கேட்டால் மட்டும் பதில் சொல்வேன். கடல் வழியாக வந்த நம்பிக்கைகள் இந்தக் கரையில் எப்படி வேர் பிடித்தன என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

காலையில் தள்ளிவைத்த மெரினாவுக்கு அதன் பிறகு வருவோம். இங்கேதான் என் கேள்விக்கு விசித்திரமான பதில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் கடல் கோட்டைச் சுவருக்கு அருகில் இருந்தது. இன்று மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீருக்கு நடக்க மணலில் கால் புதையப் புதைய நெடுந்தூரம் போக வேண்டும். இந்த மணல் எங்கிருந்து வந்தது? நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்துக்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் கல்லைக் கொட்டி நீண்ட தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். 1875-இல் அடிக்கல் போட்ட வேலையை 1881-இல் ஒரு புயல் வந்து சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் மோதித் தெற்குப் பக்கம் தங்கிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து கரை அகன்றது. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது, 1880-களில், கரையோரம் நடைபாதை போட்டு அழகுபடுத்தினார்.

ஆங்கிலேயர் ஒருவர் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாங்கள் இன்று காலை இறங்கிய சுவர்தான் இந்தக் கடற்கரையை உண்டாக்கியதா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் திரும்பி வடக்கே கிரேன்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரே நாளில் ஒரு ஊரைக் காட்டும் வேலையில் நான் எதிர்பார்ப்பது இந்தக் கேள்வியைத்தான். இரண்டு இடங்களை விருந்தினரே சேர்த்துப் பார்த்துவிட்டால் அதன் பிறகு அவருக்கு வழிகாட்டி அவ்வளவாகத் தேவைப்படாது.

கடலில் இறங்க மட்டும் விடமாட்டேன். அலை சாதுவாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு. உழைப்பாளர் சிலைக்கு முன் நிற்கலாம். ராய் சவுத்ரி வடித்த அந்தச் சிலை 1959-இலிருந்து இருக்கிறது, பாறையை நெம்பும் நான்கு மனிதர்கள். துறைமுகத்தில் கல் சுமந்தவர்களையும் மசூலாப் படகு தள்ளியவர்களையும் பற்றிப் பேசிவிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இதே சாலையில்தான் விவேகானந்தர் இல்லம். 1897-இல் அவர் தங்கிய வீடு என்பது நமக்கு முக்கியம். அமெரிக்கர்களுக்கு நான் இன்னொன்றும் சொல்வேன்: 1840-களில் அந்தக் கட்டடம் கட்டப்பட்டது பனிக்கட்டி வைப்பதற்காக. பாஸ்டனைச் சேர்ந்த டியூடர் என்ற வணிகர், அவர்கள் ஊர் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் பல மாதப் பயணமாக இங்கே அனுப்பினார். வெயிலில் வியர்த்து நிற்கும் பாஸ்டன்காரர் ஒருவருக்கு இந்தச் செய்தி தரும் வியப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சாப்பாட்டுக்கு 12:30-க்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் மேசை கிடைக்காது, கழிப்பறையிலும் வரிசை நிற்கும். முன்கூட்டியே போன் செய்து, இலைச் சாப்பாட்டில் காரத்தைக் குறைக்கச் சொல்லாமல், தயிரையும் அப்பளத்தையும் முதலிலேயே வைக்கச் சொல்வேன். காரம் பட்டால் அவர்களே தயிரைத் தேடிக்கொள்வார்கள். சமையலை மாற்றினால் அது நம் சாப்பாடாக இருக்காது. கையால் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு முறை பிசைந்து காட்டினால் போதும். கடைசியில் காபி. டபராவில் ஆற்றுவதை நிழற்படம் எடுத்து முடிப்பதற்குள் ஐம்பது நிமிடம் போயிருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதை முழுதாகப் பார்க்க ஒரு வாரம் வேண்டும், என்னிடம் இருப்பது ஒரு மணி நேரம். ஆகவே இரண்டு இடங்களுக்கு மட்டும் போவேன். முதலாவது செப்புத் திருமேனிக் கூடம். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் என்று மூன்று நான்கு திருமேனிகளுக்கு முன் மட்டும் நிற்போம். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி வழிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையைச் சொல்வேன். சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள். பிறகு பீடத்தில் இருக்கும் துளைகளையும் வளையங்களையும் காட்டி, "இவை எதற்கு?" என்று கேட்பேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு யாராவது ஒருவர் காலையில் பார்த்த வாகனத் தண்டுகளை நினைவுபடுத்திக்கொள்வார். தெருவுக்கு வரும் சாமி இவர்தான். பட்டும் பூவும் சாத்தி முகம் மட்டும் தெரியத் தோளில் சுமந்தவரை, இங்கே அலங்காரம் களைந்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கோயிலைப் பார்க்காமல் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்கு இது சிற்பமாக மட்டுமே தெரியும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு அந்த அவசரத்தால் கிடைக்கும் பெரிய லாபம் இது.

இரண்டாவது அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியின் பலகைகள் 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்தன. அவற்றில் பல பின்னர் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டன. பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்திருப்பதாகச் சிலர் சொல்வார்கள். இந்தக் கரையிலிருந்து கடல் வழியாகப் போனவை எவை என்று பேச அதுவே சரியான இடம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஒரே தூபியின் ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி அங்கே என்பதை அந்தச் சிற்பங்களுக்கு முன் நின்று சொன்னாலே போதும்.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தால் இந்த ஏற்பாடு முழுக்க மாறும். அன்றைக்கு ஜார்ஜ் டவுன். ஆர்மீனியன் தெருவில் 1772-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயமும் அதன் கல்லறைகளும் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-இல் இந்த ஊரில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் அந்த வளாகத்திலேயே துயில்கிறார். அடுத்த தெருக்களில் பூக்கடையும் காகிதக் கடையும் தள்ளுவண்டியும். கருப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் பெயரிட்டு ஒதுக்கிய பகுதிக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இப்போதைய பெயர் வந்தது. துணி வணிகம் கோட்டைக்குள் நடந்ததாகப் புத்தகங்கள் சொன்னாலும், அதை நடத்திய தமிழ், தெலுங்கு, ஆர்மீனிய வணிகர்கள் இந்தத் தெருக்களில்தான் வாழ்ந்தார்கள்.

கோட்டையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது. நெரிசலில் மாட்டினாலும் இங்கிருந்து கப்பல் எட்டிவிடும். தூய மரியாள் ஆலயம் 1680-இல் கட்டியது. கூரை உட்பட எல்லாம் பீரங்கிக் குண்டைத் தாங்கும் தடிமன். அங்கே முதலில் திருமணம் செய்துகொண்டவர் எலிஹு யேல். பிறகு ஆளுநரானார். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய கொடையில் துணிப்பொதிகள் இருந்தன, அந்தக் கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அமெரிக்க விருந்தினர்கள் இதைக் கேட்டதும் பெருமையோடு நிமிர்வார்கள். அதோடு நிறுத்த நான் ஒப்புவதில்லை. அவர் ஆட்சியில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுவேன். விருந்தினரை மகிழ்விப்பது என் தொழில்தான். ஆனால் ஊரைப் பற்றிய உண்மையை மறைத்து மகிழ்விக்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்டவர்கள் முகம் சுளித்துப் போனதும் இல்லை. அதன் பிறகு கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி. துணியில் தொடங்கிய கதை அங்கே ஒரு துணிக்கு முன்னால் வந்து நிற்கிறது.

நம் ஊர்க்காரர்கள் வரும்போது கேள்வி வேறு. கிராமத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு ஆர்மீனியத் தேவாலயம் வேண்டாம். அண்ணா சமாதி, எம்.ஜி.ஆர். சமாதி, எல்.ஐ.சி. கட்டடம், கடல், இவைதான் அவர்களின் சென்னை. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து, உள்ளே இருப்பதாக மக்கள் நம்பும் அவருடைய கைக்கடிகாரத்தின் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் ஒரு பாட்டியம்மாவிடம் "நேரமாச்சு, வாங்கம்மா" என்று சொல்ல எனக்கு நா எழாது. "கேக்குதுங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். "கேக்குற மாதிரிதான் இருக்கு தாயி" என்பார். அவர் சினிமாக் கொட்டகையில் பார்த்து வளர்ந்த ஊர் இது, வாழ்க்கையில் ஒரு தடவை நேரில் வந்திருக்கிறார். அவருடைய நிரலை நான் திருத்தக் கூடாது. ஆனால் கடலுக்கு முன்னால் பேரப்பிள்ளைகளுக்கு மணலின் கதையைச் சொல்லத் தவறமாட்டேன். வெள்ளைக்காரர்களைவிட அவர்கள் இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். "அப்போ வடக்கால மண்ணு இல்லாமப் போயிருக்குமே அக்கா?" என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்டாள். பெரியவர்கள் பலருக்குத் தோன்றாத கேள்வி.

அந்தச் சிறுமி சொன்னது சரி. மெரினாவில் தங்கிய மணல் வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். அது வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அந்தக் கரையில் கருங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்கு உழைத்தவர்களும் மீன்பிடிக்கிறவர்களும் வாழும் பகுதி அது. ஒரு நாள் சுற்றுலா நிரல் எதிலும் வடசென்னை இருப்பதில்லை.

இப்போது புதிதாக உரிமம் வாங்கி வரும் பிள்ளைகள் என்னோடு ஒரு நாள் சுற்ற வந்தால், அருங்காட்சியகத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி அரை மணி நேரத்தைச் சேமிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் துறைமுகத்துக்கு வடக்கே போகலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் கிளம்பிய ராயபுரம் நிலையத்தின் தூண்களைப் பார்க்கலாம். பிறகு காசிமேட்டுப் பக்கம் போய், கல்கொட்டிய கரையைக் காட்டலாம். சுமுகமான நாளில் விருந்தினர்களின் சம்மதத்தோடு நான் அப்படித்தான் செய்கிறேன். சிலர் மீன் வாடைக்கு மூக்கைப் பிடிப்பார்கள். பெரும்பாலோர் காலையிலிருந்து கேட்டுவந்த கேள்விக்கு அங்கேதான் முழுப் பதில் கிடைத்தது என்பார்கள். ஒரு ஊரை ஒரே நாளில் காட்ட வந்தவர் அந்த ஊர் பெற்றதைக் காட்டினால் மட்டும் போதாது, அதற்காக யார் இழந்தார்கள் என்பதையும் அதே நாளில் காட்டிவிட வேண்டும். அதற்கான நேரத்தை எங்கிருந்தாவது பிடுங்கிக்கொள்வது வழிகாட்டியின் கடமை.